சாப்பாட்டுக் கடையில் சிகரெட்: பீடோங் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பட்டணத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு லைசென்ஸ் பாரம் நிரப்பிக் கொடுப்பதும், மலாயில் கடிதம் எழுதிக் கொடுப்பதும் என் வேலை. பாரத்தில் பாதி முடிவதற்குள் பேச்சு எப்படியோ சிகரெட்டுக்குப் போய்விடும். முதலாளி ஒன்று கேட்பார், மேசையில் உட்கார்ந்திருப்பவர் வேறொன்று கேட்பார், கடைசியில் எல்லாம் ஒரே இருபது கேள்விக்குள் சுற்றும். அவற்றில் முக்கியமானவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன். பதில்களில் சட்டமும் இருக்கும், என் அபிப்பிராயமும் இருக்கும். எது எதுவென்று படிக்கும்போதே தெரியும்.

மொதல்ல ஒரே வார்த்தையில சொல்லுங்க. கடையில பிடிக்கலாமா, கூடாதா?

கூடாது. 2019 ஜனவரி 1 முதல் மலேசியாவில் எல்லாச் சாப்பாட்டுக் கடைகளிலும் தடை. குளிர்சாதனக் கடை, கூரை மட்டும் போட்ட ஒட்டுக்கடை, வெட்டவெளியில் மேசை போட்ட கடை எல்லாமே இதில் அடங்கும். முதல் வருடம் எச்சரிக்கையோடு விட்டார்கள். 2020 ஜனவரி 1 முதல் அபராதம்.

அப்போது அது உணவுச் சட்டத்தின் கீழ் வந்த 2004ஆம் ஆண்டு புகையிலை விதிமுறைகளில் செய்த திருத்தம். இப்போது தனிச் சட்டமே வந்துவிட்டது: 852ஆம் சட்டம், 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

சம்மன் பிடிச்சவனுக்கா, கடைக்காரனுக்கா?

சம்மன் என்கிற அபராதச் சீட்டு இரண்டு பேருக்கும் வரலாம், தனித்தனிக் காரணத்துக்கு. தடை செய்த இடத்தில் பிடித்தவருக்கு நீதிமன்றம் போனால் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். கடைக்காரர் அறிவிப்புப் பலகை மாட்டவில்லை, ஆஷ்டிரே வைத்துக் கொடுத்தார், கண் முன்னால் பிடித்தும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அது அவர் தலையில்.

"கஸ்டமர் செஞ்சதுக்கு நான் என்ன பண்ணுவேன்" என்று எல்லா முதலாளியும் கேட்கிறார்கள். பலகை மாட்டியிருக்க வேண்டும், வாய் திறந்து ஒரு தடவை சொல்லியிருக்க வேண்டும். மேசையில் ஆஷ்டிரே இருந்துவிட்டால் எந்த விளக்கமும் எடுபடாது.

மூணு மீட்டர்ங்கிறாங்களே, எங்கேர்ந்து எங்க வரைக்கும்?

சாப்பிடுகிற இடத்தின் ஓரத்திலிருந்து. அஞ்சடியில், அதாவது கடை முன்னால் உள்ள கூரை போட்ட நடைபாதையில், மேசை போட்டிருந்தால் வெளியே இருக்கும் கடைசி மேசையிலிருந்து அளக்க வேண்டும். பழைய கணக்கில் பத்து அடி.

எங்கள் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் தரையில் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம், லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) ஓரமாக, மணல் நிரப்பிய மைலோ டின் ஒன்றை வைத்திருக்கிறார். வெயில் நேரத்தில் அங்கே நாலு பேர் கோப்பிக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டால் டின் மட்டும் நனையும், நாலு பேரும் அஞ்சடிக்குள் வந்துவிடுவார்கள். மழைக்குச் சட்டத்தில் விலக்கு இல்லை.

நான் பியர் குடிக்க வர்றேன், கோயிலுக்கு வரல. பியர்க் கடையிலயும் கூடாதுன்னா எப்படி?

பழைய 2004 விதிமுறைகளில் பப், டிஸ்கோ, இரவு விடுதி, கேசினோ நான்குக்கும் விலக்கு இருந்தது. பலர் இன்னமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். ஆனால் நம் ஊரில் 'பப்' எங்கே இருக்கிறது? காலையில் மீ கோரெங் போடும் சீனக் கோப்பிக் கடையில்தான் இரவில் பியர் திறக்கிறார்கள். அது சாப்பாட்டுக் கடை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேசைமேல் பியர் பாட்டில் வந்ததால் அது வேறு கடையாகிவிடாது.

மதுக்கடையில் சிகரெட்டைத் தடுப்பது இங்கே மட்டும் நடந்த அதிசயமும் இல்லை. கலிஃபோர்னியா 1998லேயே பார்களில் தடுத்தது. அயர்லாந்து 2004 மார்ச்சில் நாடு முழுவதும் பப் உட்பட எல்லா வேலையிடங்களிலும் தடுத்தது, ஒரு நாடாக அதுதான் முதல். ஐரிஷ்காரர் பப்பை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவார் என்றுதான் அப்போதும் பேசினார்கள். வாசலில் நின்று பிடித்துவிட்டு உள்ளே வந்து குடிக்கிறார்கள். சிங்கப்பூர் 2007 ஜூலையில் பப்களுக்கும் தடையைக் கொண்டுவந்தது.

என் காசு, என் ரோக்கோ (சிகரெட்), என் நுரையீரல். அரசாங்கத்துக்கு என்ன வந்துச்சு?

இதில் பாதி சரி. உங்கள் நுரையீரலை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில் அரசாங்கம் எவ்வளவு தலையிடலாம் என்பது உண்மையான கேள்வி. அந்த விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான் அதிகம் சாய்வேன். வளர்ந்த மனிதன் தனக்குக் கெடுதல் என்று தெரிந்தே ஒன்றைச் செய்தால், புத்தி சொல்லலாம், வரி போடலாம், அதற்கு மேல் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

ஆனால் இந்தத் தடை உங்கள் நுரையீரலைப் பற்றியதே இல்லை. நீங்கள் உள்ளே இழுப்பதைவிட அதிக நேரம் அந்த சிகரெட் விரலிடுக்கில் சும்மா எரிகிறது. அந்தப் புகை பக்கத்து மேசைக்குப் போகிறது. ஜப்பானில் சிகரெட் தொடாத பெண்களுக்குப் புகைக்கும் கணவர்களால் நுரையீரல் புற்றுநோய் கூடுகிறது என்று ஹிராயாமா என்ற ஆய்வாளர் 1981ல் காட்டினார். அடுத்தவர் விடும் புகையால் உலகத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சாகிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மூன்று மீட்டர் தள்ளி நின்றால் நீங்கள் பிடிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. பறிபோனது நாற்காலியில் உட்கார்ந்து பிடிக்கும் வசதி.

புகை பிடிக்கலன்னா வேற கடைக்குப் போகட்டுமே. யாரு அவங்களைக் கட்டி வச்சா?

சாப்பிட வருபவரைப் பற்றி இப்படிச் சொல்லலாம். கோலாலம்பூரில் இது ஓரளவு பொருந்தும். நம் பக்கம் இரவு பத்து மணிக்கு மேல் இரண்டே கடைதான் திறந்திருக்கும் என்றாலும், அவர் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்காவது போகலாம்.

போக முடியாதவர் ஒருத்தர் அங்கே இருக்கிறார்: தட்டு எடுக்கிறவர். நம் சாப்பாட்டுக் கடைகளில் ரொட்டி வீசுகிறவர், தே தாரே ஆற்றுகிறவர், மேசை துடைக்கிறவர் என்று பார்த்தால் பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ பெர்மிட்டில் வந்தவர்கள். பெர்மிட் அந்த முதலாளி பெயரில் இருக்கிறது. புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று அடுத்த கடைக்கு மாறினால் அவர் சட்டவிரோதத் தொழிலாளி. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், யார் யாரோ விட்ட புகைக்குள் நிற்கிறார். வாடிக்கையாளரைப் பார்த்து 'அண்ணே, வெளியே போய்ப் பிடிங்க' என்று சொல்லும் இடத்திலும் அவர் இல்லை.

கலிஃபோர்னியாவில் பார்களில் தடை வந்தபோது, சான் ஃபிரான்சிஸ்கோவில் மது ஊற்றிக் கொடுக்கும் 53 பேரைத் தடைக்கு முன்னும் பின்னும் பரிசோதித்தார்கள். முன்பு இருமல், இளைப்பு என்று சொன்னவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தடைக்குப் பிறகு அது நின்றுபோனது. அவர்களில் சிலர் தாங்களே சிகரெட் பிடிக்கிறவர்கள். இந்த விவாதத்தில் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் இதுதான். பிடிக்கிறவர் உரிமை, பிடிக்காதவர் உரிமை என்று இரண்டு பேரை வைத்தே பேசுகிறோம், மூன்றாவது ஆள் சாம்பலைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

கடை என்னோடது, வாடகை நான் கட்டுறேன். என் கடைக்குள்ள என்ன நடக்கணும்னு நான் சொல்லக்கூடாதா?

நிறையச் சொல்லலாம். விலை, நேரம், பாட்டு, கடனுக்குக் கொடுப்பதா இல்லையா எல்லாம் உங்கள் இஷ்டம். ஆனால் லைசென்ஸ் பாரத்தை நான்தானே நிரப்புகிறேன், அதில் என்னவெல்லாம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சமைக்கிறவருக்கு டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும், உணவு கையாளும் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டும், எலி இருக்கக்கூடாது. 'எலி என் கடை எலி, பிடிக்கலன்னா வேற கடைக்குப் போ' என்று யாரும் வாதாடி நான் பார்த்ததில்லை. பொதுமக்களைக் கூப்பிட்டு உட்கார வைத்த நிமிடமே அது முழுக்க உங்கள் வீடாக இல்லாமல் போகிறது.

வீடு வேறு. வீட்டுக்குள் போய் இந்தச் சட்டம் தடுக்க வந்தால் நானே எதிர்த்துக் கடிதம் எழுதித் தருவேன், காசு வாங்காமல்.

எல்லாம் சரி, வியாபாரம் படுத்துருச்சே. அதுக்கு யாரு பதில் சொல்றது?

இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு கோப்பிக்கு இரண்டு மணி நேரம் உட்காரும் கூட்டம் அடுத்த கோப்பியும் ஒரு ரொட்டியும் கேட்கும் கூட்டம்தான். அவர்கள் லோங்காங் ஓரத்துக்குப் போய்விட்டால் சில கடைகளுக்கு அடி விழத்தான் செய்யும்.

ஆனால் தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். அபராதம் தொடங்கியது 2020 ஜனவரி 1. கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது அதே ஆண்டு மார்ச் 18. இரண்டரை மாதத்துக்குப் பிறகு கடையில் உட்கார்ந்து சாப்பிடவே முடியாமல் போனது. 'சிகரெட் தடைக்குப் பிறகு வியாபாரம் பாதியாயிற்று' என்று சொல்பவரிடம், அதில் கொரோனா எவ்வளவு, சிகரெட் எவ்வளவு என்று கேட்டால் கணக்குப் புத்தகத்தை மூடிவிடுகிறார். வெளிநாடுகளில் நடந்த 97 ஆய்வுகளை ஒன்றாக வைத்து 2003ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. வரி வசூல், வேலை எண்ணிக்கை போன்ற நேரடிக் கணக்கை வைத்து ஒழுங்காகச் செய்த ஆய்வுகளில் நஷ்டம் தெரியவில்லை. நஷ்டம் என்று சொன்னவற்றில், பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவை எல்லாம் புகையிலைத் தொழில் சார்ந்த பணத்தில் நடந்தவை. மொத்தக் கணக்கு அப்படி. உங்கள் ஒரு கடைக்கு அது ஆறுதல் ஆகாது, தெரியும்.

இன்னொன்று. மலேசியாவில் 2019 கணக்கெடுப்பில் புகைப்பவர்கள் 21.3 விழுக்காடு. ஆண்களில் பத்துக்கு நாலு பேர், பெண்களில் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். பெண்டாட்டி பிள்ளைகளோடு வரும் குடும்பம் உங்கள் கடையைத் தாண்டிப் போனதற்கு யார் கணக்கு வைத்தார்கள்?

பெரிய ஃபேன் போட்டா, இல்ல தனி ரூம் கட்டினா விடலாமில்ல?

ஃபேன் வாசனையைக் குறைக்கும், பக்கத்து மேசைக்கு வேகமாகக் கொண்டுபோகும். காற்றோட்டத்தாலோ காற்றைச் சுத்தப்படுத்தும் கருவியாலோ அடுத்தவர் புகையை முழுதாக நீக்க முடியாது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2006 அறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது.

தனி அறை விஷயத்தில் ஜெர்மனியில் நடந்தது நம் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது. அங்கே சில மாநிலங்கள், மதுக்கடையில் தனி அறை கட்டினால் அதில் பிடிக்கலாம் என்று விட்டன. பெரிய கடைக்காரர் கட்டினார். ஒரே அறை உள்ள சின்னக் கடைக்காரர் எங்கே கட்டுவார்? அவர் வாடிக்கை பெரிய கடைக்குப் போனது. வழக்கு மேலே போய், 2008 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் இது சின்னக் கடைகளுக்கு அநியாயம் என்றது. எல்லோருக்கும் ஒரே மாதிரி முழுத் தடை போட்டாலும் செல்லும், விலக்கு கொடுத்தால் சின்னவருக்கும் கிடைக்கிற மாதிரி கொடு என்பதுதான் தீர்ப்பின் சாரம். 2010ல் பவேரியா மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தியது, 61 விழுக்காட்டினர் முழுத் தடைக்கு வாக்களித்தார்கள். இரண்டு ஷாப்லாட் (கடைக் கட்டடம்) சேர்த்து எடுத்தவரோடு போட்டி போடும் ஒற்றைக் கடைக்காரர் விலக்கு கேட்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கோர்ட்டுக்குப் போனாங்கன்னு கேள்விப்பட்டேன். என்னாச்சு?

2018 டிசம்பரில், தடை வருவதற்குச் சில நாள் முன்பு, புகைப்பவர்கள் ஏழு பேர் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட்டார்கள். அரசியலமைப்பின் 5ஆவது, 8ஆவது விதிகளைக் காட்டி, தனிமனித உரிமையும் சமத்துவமும் பறிபோகின்றன என்பது வாதம். 2019 அக்டோபரில் மனு தள்ளுபடி ஆனது.

அப்போ 2007லேர்ந்து பொறந்தவன் ஜென்மத்துக்கும் வாங்கக்கூடாதுன்னாங்களே, அது?

அது நிற்கவில்லை. 2022ல் கொண்டுவந்த மசோதாவில் இருந்தது, 2023 நவம்பரில் மக்களவை நிறைவேற்றியபோது எடுத்துவிட்டார்கள். பிறந்த ஆண்டை வைத்துக் குடிமக்களைப் பிரிப்பது 8ஆவது விதிக்கு முரணாகலாம் என்று சட்டத்துறைத் தலைவர் தரப்பு சொன்னதுதான் காரணம்.

முந்தைய பதிலில் தோற்ற அதே சமத்துவ வாதம் இங்கே வேலை செய்திருக்கிறது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. எல்லோருக்கும் ஓர் இடத்தில் கூடாது என்பது வேறு, சிலருக்கு எங்குமே கூடாது என்பது வேறு.

இன்னைக்கு சிகரெட், நாளைக்கு பியர், நாளான்னைக்குக் கள்ளு. இப்படியே போனா நமக்கு என்னதான் மிஞ்சும்?

கள்ளை எடுத்தீர்கள், எனவே கொஞ்சம் பழைய கதை. ரப்பர்த் தோட்டத்தில் கள்ளுக்கடையை மூடச் சொன்னது யார்? தொழிலாளிகள். 1941 கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தில் ஆர். எச். நாதன் தலைமையில் வைத்த கோரிக்கைகளில் சம்பளத்தோடு கள்ளுக்கடை மூடலும் இருந்தது. துரையைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னதும் அதே பட்டியலில்தான். 1947ல் கெடாவில் தோட்டத் தொழிலாளிகளின் தொண்டர் படை, தோட்டம் தோட்டமாகக் கள்ளுக்கடை மறியல் செய்தது. நம் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்திலேயே போலீசோடு மோதல் நடந்தது. சம்பள நாள் சாயங்காலமே கூலி கள்ளுக்கடைக்குப் போய்விடும், மறுநாள் திரும்பக் கடன், கடன் இருப்பவன் தோட்டத்தை விட்டு எங்கே போவான்? நிர்வாகத்துக்கு அது வசதியாகத்தான் இருந்தது. அந்தக் காலத்தில் கள்ளுக்கடை திறந்திருப்பதைச் சுதந்திரம் என்று நம் தாத்தாக்களிடம் யாராவது சொல்லியிருந்தால் நல்ல பதில் கிடைத்திருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் மூடு என்று நான் சொல்லவில்லை. பிற்காலத்தில் கள்ளுக்கடைகள் குறைந்தபோது அந்த இடத்துக்கு சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது, அது கள்ளைவிட மோசம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் செத்தார்கள், வெளிநாட்டுத் தொழிலாளிகள் அதிகம். சிகரெட்டிலும் 2015 நவம்பரில் வரி ஏறி ஒரு பாக்கெட் 17 வெள்ளி ஆனபோது கள்ள சிகரெட் எப்படிப் பெருகியது என்று நம் பெட்டிக்கடைப் பக்கம் நின்றவர்களுக்குத் தெரியும். ஒரு பொருளையே ஒழிக்கப் போனால் அது பின்வாசல் வழியாக வரும். 'இங்கே வேண்டாம், அங்கே பிடி' என்று சொல்வதில் அந்த ஆபத்து இல்லை. ஆகவே சிகரெட்டிலிருந்து பியருக்கு நேராகப் படிக்கட்டு போகிறது என்பதை நான் ஏற்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் குடிக்கும் பியர் என் ரத்தத்தில் கலப்பதில்லை.

வேப் பிடிச்சா? அது வெறும் ஆவிதானே?

852ஆம் சட்டத்தில் வேப், ஷீஷா எல்லாம் சிகரெட்டோடுதான். கடையில் கூடாது. 2023 மார்ச் இறுதியில் நிக்கோட்டின் திரவத்தை விஷப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, புதுச் சட்டம் வரும்வரை ஒன்றரை ஆண்டு கட்டுப்பாடே இல்லாமல் விட்டார்கள். பள்ளிப் பிள்ளை கையில் மாம்பழ வாசனை வேப் வந்தது அந்த இடைவெளியில்தான். அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

எங்க பாட்டி வெத்தலையோட பொகையில போடுறாங்க. அவங்களும் வெளிய போகணுமா?

வேண்டாம், உட்காரட்டும். புகை இல்லை. புகையிலையோடு போடும் வெற்றிலை வாய்ப்புற்றுநோய் தரும், அது உறுதியான விஷயம், பாட்டியிடம் யாராவது அன்பாகச் சொல்லுங்கள். ஆனால் அது அவருக்குத்தான், பக்கத்தில் இருப்பவருக்கு இல்லை. எச்சிலை மட்டும் தூணோரம் துப்பாமல் இருந்தால் போதும்.

முனியாண்டி கோயில்ல சாமிக்குச் சுருட்டு கொளுத்தி வைக்கிறோமே, அதுக்கும் சம்மன் வருமா?

சாமி பெயருக்கு சம்மன் எழுதிய அதிகாரியை நான் இதுவரை பார்த்ததில்லை. படையலில் வைப்பதை வையுங்கள். அன்னதானப் பந்திக்குப் பக்கத்தில் நாம் பற்றவைக்காமல் இருந்தால் சரி.

தோட்டத்துல மருந்தடிக்கிறதையும் ஆலைப் புகையையும் விட்டுட்டு, என் ஒரு சிகரெட்டைப் பிடிச்சுத் தொங்குறாங்களே. இது நியாயமா?

இந்தக் கேள்விக்கு நான் தலை குனிந்துதான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்டவர் மனைவி மருந்தடிக்கிற வேலை செய்தவர். பாராக்குவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2002ல் தடை செய்வதாக அறிவித்தது, 2006ல் தடையைத் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுதாகத் தடுத்தது. சிகரெட் அபராதம் தொடங்கிய அதே நாள். பதினெட்டு ஆண்டுகள் முதுகில் மருந்துத் தோம்பு (தொட்டி) சுமந்து அடித்தவர்களில் நம் பெண்கள் எத்தனை பேர். நகம் கழன்று, மூக்கில் ரத்தம் வந்து, கையுறை கேட்டால் 'இல்லாமலே அடி' என்று மண்டோர் (மேற்பார்வையாளர்) சொன்ன கதைகள் தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயத்துக்கு லயம் உண்டு.

ஆகவே அரசாங்கம் எல்லா நச்சையும் ஒரே அவசரத்தோடு பார்ப்பதில்லை என்ற குற்றச்சாட்டு உண்மை. ஆனால் அந்த அம்மாவுக்கு நடந்ததும், மேலே சொன்ன தட்டு எடுக்கிறவருக்கு நடப்பதும் ஒரே வகை: வேலையை விட முடியாதவர் மூச்சில் இன்னொருவர் வசதிக்காக நச்சு போகிறது. மருந்து விஷயத்தில் தாமதித்தார்கள் என்று திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். அதை வைத்து கடையில் பிடிக்க அனுமதி கேட்டால் கணக்கு நேராகாது.

எங்க கடைக்கு வர்ற ஒரு பெரியவர் கேக்கவே மாட்டேங்கிறாரு. சொன்னா சண்டை வருது. என்ன பண்றது?

தட்டு எடுக்கிறவரை அனுப்பிச் சொல்ல வைக்காதீர்கள். முதலாளியே போய், 'அங்கிள், சம்மன் எனக்கும் சேர்த்து வரும், அந்தப் பக்கம் நாற்காலி போட்டிருக்கேன்' என்று சொல்லுங்கள். உண்மையிலேயே அந்தப் பக்கம், மூன்று மீட்டருக்கு அப்பால், ஒரு நாற்காலியும் முடிந்தால் ஒரு பெரிய குடையும் போடுங்கள். அவர் கோப்பியை மேசைக்கே பத்திரமாக வைத்திருங்கள். வயதானவர் எழுந்து போகத் தயங்குவது பல நேரம் இடம் பறிபோய்விடுமோ என்ற பயத்தில்தான்.

அதற்கும் கேட்கவில்லை, தினமும் இதே கதை என்றால் கோலமூடா மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குப் புகார் எழுதலாம். மலாயில் எழுத வேண்டுமென்றால் காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள், கடையின் லைசென்ஸ் நகலும் கையோடு இருக்கட்டும்.